தூண்டிலும் நீருரிமையும்: விளையாட்டு மீன்பிடி நுட்பங்களின் சமூக வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மீன்பிடியைச் சமூக வரலாற்று நோக்கில் ஆராய முற்படும்போது வலையும் வள்ளமும், சம்மாட்டியும் கூலியாளுமே எம் கண்முன் வருதல் இயல்பு. உணவுக்காகவோ விற்பனைக்காகவோ அன்றி விளையாட்டுக்காகத் தூண்டிலிடும் வழக்கத்தைச் செல்வர்தம் பொழுதுபோக்கு எனக் கூறி நாம் ஒதுக்கிவிடுகிறோம். இவ்வொதுக்கல் பொருத்தமானதன்று. ஒரு நுட்பம் உழைப்பின் அனுபவத்தில் எவ்வாறு தோன்றுகிறது, அது யாருடைய பெயரில் நூலாகிறது, பின்னர் யாரை நீர்நிலையிலிருந்து விலக்கும் விதியாகிறது என்னும் வினாக்களுக்கு இவ்விளையாட்டின் வரலாறு தெளிவான விடை தருகின்றது. அவ்விடையை இங்கிலாந்து, ஸ்கொத்லாந்து, தென்னிந்தியா, எமது மலையகம் ஆகிய இடங்களின் வெவ்வேறு நீர்நிலைகளை முன்வைத்துச் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தூண்டில் பற்றிய நுண்ணறிவு எந்தவொரு வர்க்கத்தின் கண்டுபிடிப்புமன்று என்பதற்கு எமது பழைய இலக்கியமே சான்று. பெரும்பாணாற்றுப்படையில் வரும் பாண்மகன் பச்சை இறைச்சியிட்ட தோற்பையைத் தோளிற் கொண்டு, நீண்ட மூங்கிற் கோலிற் கயிறு கட்டி மீன் பிடிக்கிறான். இரையைக் கௌவித் தப்பிய வாளை, நீரருகே நின்ற பிரம்பின் நடுங்கும் நிழலைக் கண்டும் அஞ்சுகிறது. குறுந்தொகை 54ஆம் பாடலிலே, யானை வளைத்துக் கைவிட்ட பசுமூங்கில் மீனைக் கவர்ந்த தூண்டிற்கோல் போல மேலெழுகிறது. இவ்வுவமையின் சிறப்பால் அப்பாடலின் ஆசிரியர் மீனெறிதூண்டிலார் என்றே அறியப்படுகிறார். ஒருமுறை முள்ளிற்பட்ட மீன் நிழலுக்கும் அஞ்சும் என்பதும், கோலின் வளைந்தெழும் விசையே மீனைக் கொணரும் என்பதும் இன்றுவரை தூண்டிற்கலையின் அடிப்படை உண்மைகளாகும். இவற்றைப் பிழைப்புக்காக மீன்பிடித்தோரிடமிருந்தே புலவர் அறிந்திருத்தல் வேண்டும்.

ஆங்கில மரபில் இவ்வறிவு அச்சேறிய முறை கவனத்திற்குரியது. தூண்டிலிடுதல் பற்றிய முதலாவது அச்சு நூல் 1496இல் வெளிவந்தது. மாதந்தோறும் பயன்படுத்தற்குரிய பன்னிரு போலி ஈக்களை அது விவரிக்கின்றது. முள்ளின்மீது இறகும் நூலும் சுற்றி, நீர்ப்பூச்சி போலத் தோன்றச் செய்வதே போலி ஈயாகும். இந்நூலைத் தனிச் சிறு பிரசுரமாக வெளியிட்டால் வேலையற்ற எளியோர் கைக்கும் அது எட்டிவிடும் என்றும், அதனாலேயே உயர்குடியினர்க்குரிய பெரிய தொகுதியொன்றினுட் சேர்க்கப்பட்டது என்றும் அதன் இறுதியிற் கூறப்பட்டுள்ளது. நுட்பம் பரவும் ஊடகமாகிய அச்சு, அதே கணத்தில் நுட்பத்தை மறைக்கும் வேலியாகவும் தொழிற்பட்டமைக்கு இதனினும் வெளிப்படையான ஒப்புதல் வேண்டியதில்லை.

வேலி நூலில் மட்டும் இருக்கவில்லை. ஆங்கிலச் சட்டத்தில் கடலேற்றம் எட்டும் நீரிற் பொதுமக்களுக்கு மீன்பிடி உரிமை உண்டு. அதற்கு மேற்பட்ட ஆற்றுப் பகுதியில் அவ்வுரிமை பெரும்பாலும் கரை நிலத்தின் உடைமையோடு இணைந்தது. ஐசக் வோல்ற்றன் 1653இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூல் தூண்டிலிடுதலை அமைதியான உள்ளத்தின் கலையாகப் போற்றியது. 1676இல் சார்ள்ஸ் கொட்டன் அதனோடு தெளிநீரிற் போலி ஈயிடும் முறையைச் சேர்த்தார். அதிலிருந்து அரை நூற்றாண்டு கழிவதற்குள், 1723இல், முகத்திற் கரிபூசி ஆயுதந்தாங்கி மானையோ மீனையோ களவாடுவோர்க்கு மரணதண்டனை விதிக்கும் 'கறுப்புச் சட்டம்' நிறைவேறியது. இச்சட்டத்தின் வர்க்க அடித்தளத்தை ஈ. பி. தொம்சன் 1975இல் வெளியிட்ட ஆய்வில் விரிவாக நிறுவியுள்ளார். ஆற்றங்கரையின் அமைதியும் தூக்குமரமும் ஒரே நூற்றாண்டுக் காலத்துள் அடங்குவன என்பது மனங்கொள்ளத்தக்கது.

இனி நீர்நிலைக்கேற்ப நுட்பம் வேறுபடுமாற்றை நோக்குவோம். ட்ரவுட் மீன் நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று, மிதந்துவரும் இரைக்காகக் காத்திருக்கும். எனவே அதன் பின்புறமாக, கீழிருந்து மேனோக்கி அணுகுபவன் எளிதில் அதன் கண்ணிற் படான். ஸ்கொத்லாந்தின் எல்லைப்புற ஆறுகளில் இம்முறையை 1857இல் நூல்வழி பரப்பியவர் டபிள்யூ. சி. ஸ்டுவாட். அவர் பயன்படுத்திய சிலந்தி போன்ற எளிய போலி ஈயோ, மீன்பிடித்தலையே பிழைப்பாகக் கொண்ட ஜேம்ஸ் பெய்லி என்பாரிடமிருந்து பெறப்பட்டது. ஸ்டுவாட் இம்மனிதரின் திறமையை வெளிப்படையாகவே பாராட்டினார். எனினும் வரலாற்றில் நிலைத்தது நூலாசிரியரின் பெயரே.

தென் இங்கிலாந்தின் டெஸ்ட், இச்சென் ஆகியன வேறு வகையான ஆறுகள். சுண்ணாம்புப் பாறையினூடே ஊறிவரும் ஊற்றுநீர் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே சீராகவும் தெளிவாகவும் பாயும். நீர்ப்பாசியும் பூச்சியினமும் அங்கு செழிக்கும். மீன் மேலெழுந்து ஈயை விழுங்குவதைக் கரையிலிருந்தே காணலாம். இத்தகைய நீரிலேதான் 'உலர் ஈ' முறை முழுமை பெற்றது. மீனுக்கு மேற்புறமாக நீரில் விழும் போலி ஈ நனையாது மிதந்துவரல் வேண்டும். நூல் அதனை இழுத்துச் சிறு கோடு கிழிப்பின் மீன் ஏமாறாது. எஃப். எம். ஹல்போர்ட் 1886இலும் 1889இலும் வெளியிட்ட நூல்கள் இம்முறைக்கு இலக்கணம் வகுத்தன. ஒரு குறிப்பிட்ட நீர்நிலையின் பௌதிக இயல்பாற் பிறந்த நுட்பம், அவரைப் பின்பற்றியோர் கையில் ஒழுக்க விதியாக மாறிற்று. அவர்தம் கண்ணில், உலர் ஈயிடுவோன் கனவான், புழுவிடுவோன் இழிந்தவன்.

இவ்விதியை உள்ளிருந்தே கேள்விக்குள்ளாக்கியவர் ஜி. ஈ. எம். ஸ்கியூஸ் என்னும் வழக்கறிஞர். ட்ரவுட் தன் உணவிற் பெரும்பகுதியை நீரின் மேற்பரப்பில் அன்றி அடியிலேயே, பூச்சிகளின் இளம்பருவ நிலையிற் பெறுகிறது என்பதைக் கவனித்த அவர், 1910இல் வெளியிட்ட நூலில் நீருள் மூழ்கும் போலி ஈயை ஆதரித்தார். 1938இலும் இலண்டன் கழகமொன்றில் இது பற்றிக் கடும் விவாதம் நிகழ்ந்தது. மீனின் வயிற்றை ஆராய்ந்து கண்ட உண்மையைச் சமூக மதிப்பு இருபத்தெட்டு ஆண்டுகள் எதிர்த்து நின்றது. கருத்துநிலை எவ்வாறு அனுபவ அறிவுக்குத் தடையாகிறது என்பதற்கு இஃது ஒரு சிறந்த எடுத்துக்காட்டு. 1822இல் தோன்றிய ஹூட்டன் கழகத்தின் புகழ்பெற்ற நீர்ப்பகுதியைப் பேணியவரும், இன்றும் பயன்படும் போலி ஈக்களை உருவாக்கியவரும் வில்லியம் லன் என்னும் ஆற்றுக் காவலரே என்பதையும் இங்கு சேர்த்து எண்ணுதல் தகும்.

ஸ்கொத்லாந்தின் ஸ்பே போன்ற பேராறுகளிற் சல்மன் பிடிப்போர் எதிர்நோக்கிய சிக்கல் வேறு. முட்டையிட ஆறேறும் சல்மன் நன்னீரில் இரை தேடுவதில்லை. அதன் கண்முன் நகரும் பொருள் தூண்டும் எதிர்வினையே அதனைக் கௌவச் செய்கிறது. எனவே போலி ஈ எந்தப் பூச்சியையும் ஒத்திருக்க வேண்டியதில்லை. கரையில் மரங்களும் மேடும் இருப்பதால் நூலைப் பின்னே வீச இடமில்லை. அதனால் இருகை கொண்டு நீண்ட கோலை இயக்கி, நூலை நீரின்மேலேயே சுருட்டி முன்னே எறியும் முறை அங்கு தோன்றியது. இக்கோல்களுக்கான வன்மரம் பிரித்தானியக் கயானாவிலிருந்து வந்தது. 'ஜொக் ஸ்கொட்' என்னும் விக்ரோறியாக் காலப் போலி ஈயில் சீனத்துப் பொன்வண்ணக் கோழி, தென்னமெரிக்க டூக்கன் பறவை, தென்னிந்தியக் காட்டுக்கோழி ஆகியவற்றின் இறகுகள் ஒருங்கே கட்டப்பட்டன. ஒரு விரல் நீளமுள்ள முள்ளிலே ஏகாதிபத்திய வணிகத்தின் வரைபடம் முழுவதையும் காணலாம்.

அவ்வணிகம் சென்ற வழியே விளையாட்டும் சென்றது. சென்னை மாகாண ஆட்சிப்பணியாளரான எச். எஸ். தோமஸ் 1873இல் இந்திய ஆறுகளில் தூண்டிலிடுதல் பற்றிய நூலை மங்களூரில் வெளியிட்டார். சல்மனுக்கு நிகராக, ஏன் அதனினும் மேலாக, அவர் கண்ட மீன் மகசீர் என்னும் பெருங்கெண்டையாகும். பாறைகளும் விரைநீரும் நிறைந்த காவிரியில் இம்மீனுக்கேற்ற இரையாக விளங்கியது கேழ்வரகு, அதாவது எமது குரக்கன், மாவுருண்டை. இறகாலான போலி ஈ அன்று. உழவனின் அன்றாட உணவே அது. முள்ளிற்பட்ட மீன் கீழோட்டத்தில் விரையும்போது அதனைப் பின்தொடரப் பரிசலும் அதனைச் செலுத்துவோரும் வேண்டும். 1946இல் மைசூர்ப் பகுதியின் கபினி ஆற்றில் 120 இறாத்தல் மகசீர் பிடிபட்டதாகப் பதிவுண்டு. பரிசலோட்டிகளுக்கோ இத்தகைய பதிவேடுகளில் இடமில்லை.

காவிரியின் கூனல்முதுகு மகசீர் சுமார் 150 ஆண்டுகள் வேட்டைப் பரிசாகக் கொண்டாடப்பட்டும், அதன் விஞ்ஞானப் பெயர் 2018இலேயே தெளிவாக உறுதிசெய்யப்பட்டது. அவ்வாண்டிலேயே அது அழிவின் விளிம்பிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. அணைகள், வெடி, நஞ்சு ஆகியவற்றோடு, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பாதுகாப்பின் பெயரால் விடப்பட்ட வேற்று மகசீர் இனமும் இதன் வீழ்ச்சிக்குக் காரணமாயிற்று. இங்கு எளிமையான தீர்ப்பு எமக்கு உதவாது. இவ்வீழ்ச்சியை ஆய்வாளர் அறிந்தது, மீனைப் பிடித்து மீண்டும் நீரில் விட்ட தூண்டில் முகாம்களின் பதிவேடுகளிலிருந்தே. அம்முகாம்களில் உள்ளூர் மக்கள் காவலராகவும் துணைவராகவும் பணியாற்றினர். வனவிலங்குச் சட்டத்தின் பெயரால் 2012 அளவில் அவை மூடப்பட்டன. விளையாட்டு ஆற்றை அபகரித்ததுமுண்டு. அதே விளையாட்டு ஆற்றைக் கண்காணித்ததுமுண்டு. இம்முரணை மறைப்பது இயங்கியல் நோக்காகாது.

எமது மலையகத்தில் இவ்வரலாறு இன்னொரு வடிவம் கொள்கிறது. 1880களில் ட்ரவுட் முட்டைகள் கப்பல்வழி கொணரப்பட்டு நுவரெலியா ஓடைகளில் விடப்பட்டன. வெப்பநிலை ஏறத்தாழ 20 பாகையை மீறின் நலிவுறும் இம்மீனுக்கு உயர்மலை நீரே இசைந்தது. 1896இல் இலங்கை மீன்பிடிக் கழகம் நிறுவப்பட்டது. ஹோட்டன் சமவெளியில் வானவில் ட்ரவுட் நிலைபெற்றது. அங்கு மட்டுமே வாழும் சிறு நன்னீர் இறாலினம் இன்று இம்மீனால் அச்சுறுத்தப்படுகிறது. துரைமாருக்குத் தம் தாயகத்து ஆற்றங்கரையை நினைவூட்டிய இவ்வோடைகளின் கரையிலேயே, தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட தொழிலாளர் லயங்களில் வாழ்ந்தனர். அந்நிய மீனுக்கு அனுமதிப்பத்திரத்தின் பாதுகாப்புக் கிடைத்தது. தலைமுறைகளாக அம்மண்ணில் உழைத்தோரின் குடியுரிமையோ 1948இற் பறிக்கப்பட்டது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குவது வெறும் உணர்ச்சிக் கூற்றன்று. வந்தேறி யார், உரியவர் யார் என்னும் வினாவுக்கு விடை இயற்கையில் இல்லை, அதிகாரத்திலேயே உண்டு என்பதை அது காட்டுகிறது.

மேற்கூறியவற்றிலிருந்து நாம் பெறுவது யாது? நீரோட்டமும் வெப்பமும் மீனின் இயல்பும் நுட்பத்தை உருவாக்குகின்றன. அது உழைக்கும் மனிதரின் கூர்ந்த கவனிப்பில் வளர்கிறது. எந்த மீன் 'வேட்டைக்குரியது', எந்த முறை 'கண்ணியமானது' என்பனவற்றை மட்டும் உடைமை உறவுகளே தீர்மானிக்கின்றன. ஆகவே இக்கலையைப் புறக்கணிப்பது எம் கடமையன்று. பெய்லியிடமும் லன்னிடமும் பெயர் பதியப்படாத பரிசலோட்டியிடமும் இருந்த அறிவை அவர்களுக்கே உரியதாக மீட்டெடுத்து, அதனை ஆற்றைக் காக்கும் பொது அறிவாக்குவதே வேண்டுவது. நிழலுக்கு அஞ்சிய வாளையைக் கண்டறிந்தவன் பாண்மகன். அந்த நீரும் அவனுக்கு உரியதாதல் வேண்டும்.