அலையைத் திசை திருப்பிய வரலாறு



நம் பத்து காஜா வட்டாரத்து ஈயக்குட்டையில் ஒரு கல்லைப் போட்டால் அலை வட்டமாய் நாலாபக்கமும் பரவும். இரண்டு கல்லை அருகருகே போட்டால்? முகடும் முகடும் சேருமிடத்தில் அலை ஓங்கும். முகடும் பள்ளமும் சேருமிடத்தில் அடங்கும். ஒரு கல்லைச் சற்றுப் பிந்திப் போட்டால் ஓங்கும் திசையும் மாறும். "இதிலென்ன அதிசயம்?" என்று கேட்பீங்க. இன்றைய கைப்பேசிக் கோபுரத்தின் சூட்சுமமே இதுதான்!

1905-ஆம் ஆண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி பிரவுன் மூன்று ஏரியல்களை முக்கோணமாக நிறுத்தினார். ஒன்றில் மட்டும் அலையைச் சிறிது தாமதப்படுத்தினார். ஏரியலை அசைக்காமலே வானொலி அலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. 1909-இல் மார்க்கோனியோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இவரே.

இந்த வரலாற்றில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரும் உண்டு. 1944-இல் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ், இந்தியக் கடற்படை அதிகாரியாக இருந்தவர். 1971 டிசம்பர் 9-இல் இந்தியப் போர்க்கப்பல் குக்ரியைப் பாகிஸ்தான் நீர்மூழ்கி மூழ்கடித்தது. 170-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பதுங்கி வந்த எதிரியைக் கப்பலின் சோனார் கருவி உரிய நேரத்தில் கேட்டறியவில்லை. அக்கருவியைச் செம்மைப்படுத்தும் பொறுப்பு பால்ராஜிடம் வந்தது. பின்னர் கொச்சியில் 'அப்சோ' என்னும் புதிய சோனாரை உருவாக்கினார். சோனாருக்குப் பல காதுகள். ஒவ்வொரு காதில் விழும் ஒலியையும் தக்கபடி தாமதித்துக் கூட்டினால், ஒரு திசையின் ஓசை மட்டும் தெளிவாகக் கேட்கும்.

பிறகு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் சென்றார். அனுப்பும் பக்கமும் வாங்கும் பக்கமும் பல ஏரியல்கள் இருந்தால், ஒரே அலைவரிசையில் பல செய்திகளை ஒருசேர அனுப்பலாம் என்றார். பலர் ஐயுற்றனர். ஆனாலும் தாமஸ் கைலாத்தோடு சேர்ந்து 1994-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 2014-இல் மார்க்கோனி பரிசும் அவரைத் தேடி வந்தது.

மலேசியாவில் 5ஜி சேவை 2021 டிசம்பரில் தொடங்கியது. 5ஜி கோபுரத்தின் தட்டைப் பெட்டிக்குள் சின்னஞ்சிறு ஏரியல்கள் அணிவகுத்து, அலையை உங்கள் கைப்பேசியை நோக்கித் திருப்புகின்றன. அடுத்த தலைமுறைக்கு இன்னும் நுண்ணிய கற்றைகளை ஆராய்கிறார்கள்.

ஒன்று தனியே எட்டாததைப் பல சேர்ந்து எட்டும். நமக்கு இது புதிதா என்ன? 1960-இல் நம் பேராக்கைச் சேர்ந்த துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பத்துப் பத்து வெள்ளியாய்ச் சேர்ந்துதானே தோட்டப் பாட்டாளிகள் தோட்டங்களையே வாங்கினார்கள்?

சேர்ந்தால் மட்டும் போதாது, பிள்ளைகளே; காலமும் கணக்கும் ஒத்துவர வேண்டும். தப்பான நேரத்தில் சேர்ந்தால் அலை அலையையே அழித்துவிடும். ஆகவே கணிதப் பாடத்தைக் கசப்பென்று ஒதுக்காதீங்க. அடுத்த பெயர் நம் பள்ளிப் பிள்ளையின் பெயராகட்டும்!