கைத்தொலைபேசிச் செயலிகள்: தரவிறக்கமும் பயன்பாடும்

மக்கள் கையாளும் கருவிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கருவியின் தோற்றத்தையும் அதனை ஆக்கியோரின் திறனையுமே விரித்துரைப்பர். அக்கருவி மக்கள் கைக்கு எவ்வழியாக வந்தது, வந்தபின் எத்துணைக் காலம் அவர் கையில் நின்றது என்னும் வினாக்கள் பின்தள்ளப்படுகின்றன. கைத்தொலைபேசிச் செயலிகளைப் பொறுத்தவரை இவ்விரு வினாக்களுமே முதன்மையானவை. ஒரு செயலியைத் தரவிறக்குதல் வேறு. அதனைப் பயன்படுத்துதல் வேறு. நூல்நிலையத்துக்கு வந்து சேர்ந்த நூல்களின் தொகையைக் கொண்டு மாணவர் படித்த நூல்களின் தொகையை அறிய முடியாது. அவ்வாறே தரவிறக்கத் தொகையைக் கொண்டு பயன்பாட்டை அறிதலும் இயலாது. தொடக்கத்தில் இணைந்து நடந்த இவ்விரண்டும் பின்னர் பிரிந்து சென்ற வரலாற்றையும், அப்பிரிவினால் எழுந்த வழக்குகளையும் இக்கட்டுரை சுருக்கமாக ஆராய்கின்றது.

கடை தோன்றுமுன்

1994 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஐ.பி.எம். நிறுவனத்தின் 'சைமன்' என்னும் தொலைபேசியில் நாட்காட்டி, முகவரிப் புத்தகம், கணிப்பான் முதலியன அமைந்திருந்தன. 1997 இல் பின்லாந்தின் நொக்கியா நிறுவனம் தனது 6110 என்னும் தொலைபேசியில் பாம்பு விளையாட்டைச் சேர்த்து வெளியிட்டது. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பின்னர் ஆடிக் களித்த விளையாட்டு அஃது. எனினும் அதனை எவரும் தேடிப் பெறவில்லை. தொலைபேசியை வாங்கியோருக்கு அது கூடவே வந்தது. எது வேண்டும், எது வேண்டாம் எனத் தெரியும் உரிமை அக்காலத்துப் பயனாளருக்கு இருக்கவில்லை.

அவ்வுரிமை பெருந்திரளான மக்களுக்கு முதன்முதற் கிடைத்த நாடு யப்பான் எனலாம். என்.ரி.ரி. டொகோமோ நிறுவனம் 1999 பெப்ரவரியில் 'ஐ-மோட்' என்னும் சேவையைத் தொடங்கியது. இரயில் நேரம், வங்கிக் கணக்கு, செய்தி, படம் எனப் பலவற்றையும் மக்கள் தொலைபேசித் திரையிலேயே பெற்றனர். 2001 இல் விளையாட்டுக்களையும் சிறு மென்பொருள்களையும் தரவிறக்கிக்கொள்ளும் வசதியும் ஏற்பட்டது. இச்சேவையின் வெற்றிக்குக் காரணமாய் அமைந்தது அதன் கணக்குமுறையே. பயனாளர் செலுத்தவேண்டிய சிறுதொகை மாதாந்தத் தொலைபேசிக் கட்டணத்தோடு சேர்த்து அறவிடப்பட்டது. அத்தொகையில் நூற்றுக்கு 9 பங்கை மட்டும் நிறுவனம் எடுத்துக்கொண்டு, எஞ்சிய 91 பங்கையும் ஆக்கியோருக்கு வழங்கியது. வாங்குதல் எளிது, விற்போருக்கும் ஊதியம் உண்டு. ஆகவே இருபாலாரும் ஒருங்கே திரண்டனர்.

மேனாடுகளில் நிலைமை வேறாயிருந்தது. அங்கே தொலைபேசிச் சேவை நிறுவனங்கள் தாம் விரும்பியவற்றை மட்டுமே தமது பட்டியலிற் சேர்த்தன. தொலைபேசிகளும் பல்வேறு வகையினவாக இருந்தமையால் ஒரே மென்பொருளைப் பலமுறை திருத்தியமைக்கவேண்டிய தொல்லையும் ஆக்கியோருக்கு இருந்தது. இத்தகைய சூழலிலேதான் 2005 இல், மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் ஆக்கிய 'செல்லினம்' சிங்கப்பூரில் அறிமுகமாயிற்று. கைத்தொலைபேசியிலே தமிழிற் குறுஞ்செய்தி எழுதி அனுப்ப அது வழிசெய்தது. செயலிக் கடைகள் தோன்றுவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே தமிழுக்கு இத்தகைய கருவி ஒன்று அமைந்தமை குறிப்பிடத்தக்கது.

2008 ஆம் ஆண்டின் திருப்பம்

அப்பிள் நிறுவனத்தின் ஐபோன் 2007 ஜூன் 29 ஆம் நாள் விற்பனைக்கு வந்தபோது பிறர் ஆக்கிய செயலிகளுக்கு அதில் இடமிருக்கவில்லை. ஏனையோர் இணையத்தளங்கள் வாயிலாகவே தமது ஆக்கங்களை வழங்கலாம் என்பது நிறுவனத் தலைவர் ஸ்டீவ் ஜொப்ஸ் அவர்களின் தொடக்க நிலைப்பாடு. அந்நிலைப்பாடு சில மாதங்களே நின்றது. 2008 மார்ச்சில் செயலி ஆக்குவதற்கான கருவிகள் வெளியிடப்பட்டன. 2008 ஜூலை 10 ஆம் நாள் ஏறத்தாழ 500 செயலிகளோடு 'அப் ஸ்டோர்' திறக்கப்பட்டது. முதல் வார இறுதிக்குள் தரவிறக்கங்கள் 1 கோடியை எட்டின. அதே ஆண்டு ஒக்டோபரில் கூகுள் நிறுவனம் தனது அன்ட்ரொயிட் தொலைபேசிகளுக்கான சந்தையைத் திறந்தது. அச்சந்தையே 2012 மார்ச்சில் 'கூகுள் பிளே' எனப் பெயர் மாற்றம் பெற்றது.

இக்கடைகள் செய்த பெருமாற்றம் யாது? முன்னர் சேவை நிறுவனங்கள் வாயிலில் நின்றன. இப்பொழுது தொலைபேசியின் இயங்குதளத்தை ஆக்கிய நிறுவனங்கள் அவ்விடத்தில் வந்து நின்றன. தனியொருவர் தமது வீட்டிலிருந்தே செயலி ஒன்றை ஆக்கிப் பல நாட்டு மக்களுக்கும் ஒரே நாளில் வழங்கலாம் என்னும் நிலை உண்டாயிற்று. அதற்கு ஈடாக விலையில் நூற்றுக்கு 30 பங்கைக் கடை எடுத்துக்கொண்டது. அக்காலத்தில் அது பெருந்தொகையாக எவருக்கும் தோன்றவில்லை. டொகோமோவின் 9 பங்கோடு ஒப்பிட்டு நோக்கின் அதன் அளவு புலப்படும்.

தரவிறக்கங்கள் வியக்கத்தக்க விரைவிற் பெருகின. அப்பிள் கடையில் 2009 ஏப்ரலில் 100 கோடி, 2011 ஜனவரியில் 1000 கோடி, 2013 மே மாதத்தில் 5000 கோடி என்றவாறு தொகை ஏறிற்று. செயலி என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் குறுக்கமாகிய 'அப்' என்பதை 2010 ஆம் ஆண்டின் சொல்லாக அமெரிக்கக் கிளைமொழிக் கழகம் தெரிந்தெடுத்தது. இக்காலப் பயனாளர் புதுவீடு புகுந்தோரைப் போன்றவர். கண்டதை எல்லாம் கொண்டுவந்து நிரப்பினர். தரவிறக்கமும் பயன்பாடும் இணைந்து சென்ற காலம் இதுவே.

விலையின் வீழ்ச்சி

தொடக்கத்திற் செயலிகள் பொருள்களைப் போலவே விற்கப்பட்டன. 2009 டிசம்பரில் பின்லாந்தின் ரோவியோ நிறுவனம் வெளியிட்ட 'அங்ரி பேர்ட்ஸ்' விளையாட்டு ஒரு டொலருக்குச் சற்றுக் குறைந்த விலையில் விற்பனையாகிப் பெரும்புகழ் ஈட்டியது. ஆயினும் அதே ஆண்டு ஒக்டோபரில் அப்பிள் செய்த ஒரு விதிமாற்றம் இம்முறைக்கு முடிவுகட்டத் தொடங்கியிருந்தது. இலவசமாகத் தரவிறக்கிய செயலிக்குள்ளேயே பின்னர் பொருள் வாங்கலாம் என்பதே அம்மாற்றம். 2012 இல் வெளிவந்த 'கான்டி கிரஷ்', 'கிளாஷ் ஒவ் கிளான்ஸ்' ஆகிய விளையாட்டுக்கள் இவ்வழியிற் பெருஞ்செல்வம் குவித்தன. ஆண்டொன்றுக்கு ஒரு டொலர் அறவிட்டுவந்த வட்ஸ்அப் 2016 இல் அக்கட்டணத்தையும் கைவிட்டது.

வாயிலிற் பெற்றுவந்த விலை இவ்வாறு உள்ளே சென்று மறைந்தது. மக்கள் பொருளாகக் கொடாததை நேரமாகவும், விளம்பரம் பார்க்கும் கவனமாகவும், தம்மைப் பற்றிய தகவலாகவும் கொடுத்தனர். அத்தகவலின் மதிப்பு எத்துணையது என்பதற்குச் சான்றுண்டு. ஒரு செயலி ஏனைய செயலிகளிலும் தளங்களிலும் பயனாளரைத் தொடர்ந்து கண்காணிப்பதாயின் அவருடைய இசைவைப் பெறவேண்டும் என்னும் விதியை 2021 ஏப்ரலில் அப்பிள் நடைமுறைப்படுத்தியது. இவ்விதியினால் 2022 இல் தனக்கு ஏறத்தாழ 1000 கோடி டொலர் வருமானம் குறையும் என முகநூலின் தாய்நிறுவனமாகிய மெட்டா கணக்கிட்டுக் கூறியது. கேட்டபொழுது மறுக்கக்கூடிய ஒன்றைக் கேளாமலே கொடுத்து வந்தனர் மக்கள் என்பது இதனாற் பெறப்படும்.

தரவிறக்கமும் பயன்பாடும் பிரிந்தமை

2014 ஆம் ஆண்டளவில் ஒரு முரண் வெளிப்பட்டது. ஐக்கிய அமெரிக்க மக்கள் மின்னியல் ஊடகங்களிற் செலவிட்ட நேரத்தில் பாதிக்கு மேற்பட்ட பங்கைச் செயலிகள் பெற்றுவிட்டன என கொம்ஸ்கோர் நிறுவனத்தின் ஆய்வு காட்டியது. அதே ஆய்வின்படி, திறன்பேசி வைத்திருந்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் ஒரு மாதத்திற் புதிய செயலி எதனையும் தரவிறக்கவில்லை. பயன்பாடு பெருகியது, தெரிவு சுருங்கியது. வீடு நிரம்பிவிட்டது. இருப்பவற்றுள் நான்கைந்தையே மக்கள் நாள்தோறும் எடுத்தாளலாயினர். முகநூல் நிறுவனம் 2012 இல் இன்ஸ்டகிராமை 100 கோடி டொலருக்கும், 2014 இல் வட்ஸ்அப்பை 1900 கோடி டொலருக்கும் வாங்க உடன்பட்டதன் பொருளும் இதுவே. நிலைபெற்றுவிட்ட பழக்கங்களையே அந்நிறுவனம் விலைகொடுத்து வாங்கியது.

பிற்காலத்துக் கணக்குகளும் இதனை வலியுறுத்துகின்றன. சென்சர் டவர் நிறுவனத்தின் கணிப்பின்படி, 2024 இல் அப்பிள், கூகுள் கடைகளின் தரவிறக்கம் ஏறத்தாழ 13,600 கோடி. இது முன்னைய ஆண்டினும் சற்றுக் குறைவு. அதே ஆண்டிற் செயலிகளுக்குள் மக்கள் செலவிட்ட பணமோ உயர்ந்து ஏறத்தாழ 15,000 கோடி டொலரை எட்டிற்று.

சீனாவில் இப்போக்கு இன்னும் ஒரு படி சென்றது. கூகுளின் கடை அங்கு இயங்காமையால் தொலைபேசி உற்பத்தி நிறுவனங்களின் கடைகளே அன்ட்ரொயிட் பயனாளரின் வாயில்களாயின. டென்சென்ட் நிறுவனம் 2011 இல் வெளியிட்ட 'வீசட்', 2017 ஜனவரியிற் சிறுசெயலிகளைத் தன்னுள்ளே அமைத்துக்கொண்டது. உணவு தருவித்தல், பயணச்சீட்டுப் பெறுதல் முதலியவற்றைத் தனித்தனிச் செயலிகளைத் தரவிறக்காமலே அதனுள் நின்று செய்யலாம். ஒரு செயலியே பல செயலிகளுக்கு வாயிலாயிற்று.

வாயில் அடைபட்ட பொழுது

தரவிறக்கத்துக்கும் பயன்பாட்டுக்கும் உள்ள வேறுபாடு வாயில் அடைபடும்பொழுதே நன்கு விளங்கும். வியட்நாமைச் சேர்ந்த டொங் நுயென் 2013 இல் வெளியிட்ட 'பிளப்பி பேர்ட்' விளையாட்டை அதன் புகழ் உச்சியில் நின்ற 2014 பெப்ரவரியில் தாமே கடைகளிலிருந்து நீக்கினார். உடனே அவ்விளையாட்டைக் கொண்ட பழைய தொலைபேசிகள் இணையத்தில் மிகை விலை கூறப்பட்டன. 2025 ஜனவரியில் ஐக்கிய அமெரிக்கக் கடைகளிலிருந்து டிக்டொக் நீக்கப்பட்டபொழுதும் இதுவே நிகழ்ந்தது. முன்னரே வைத்திருந்தோர் சிறு இடையீட்டின்பின் அதனைப் பயன்படுத்தினர். ஏனையோர் பெப்ரவரியில் அது கடைகளுக்கு மீளும்வரை காத்திருந்தனர்.

இந்தியாவில் விளைவு வேறு. 2020 ஜூன் 29 ஆம் நாள் டிக்டொக் உட்பட 59 செயலிகளை அந்நாட்டு அரசு தடைசெய்தது. சில வாரங்களில் இன்ஸ்டகிராமின் 'ரீல்ஸ்' அங்கு அறிமுகமாயிற்று. செப்டெம்பரில் யூடியூப்பின் 'ஷோர்ட்ஸ்' வந்தது. செயலி அகன்றது, பழக்கம் நிலைத்து வேறு இடம் புகுந்தது. இலங்கையிலே 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் ஆகிய காலங்களிற் சமூக ஊடகங்கள் தற்காலிகமாகத் தடுக்கப்பட்டபொழுது, தடையைக் கடந்து செல்ல உதவும் வீ.பீ.என். செயலிகளைப் பலர் நாடினர். அதுவரை அவற்றின் பெயரையும் கேட்டறியாதோர் ஒரே நாளில் அவற்றைத் தரவிறக்கினர். புதிய செயலியைத் தேடும் முயற்சி ஆர்வத்தினால் மட்டுமன்றி முட்டுப்பாட்டினாலும் எழுவதுண்டு என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

வாயில்காப்போரும் சட்டமும்

நூற்றுக்கு 30 என்னும் பங்கு நாளடைவில் வழக்காயிற்று. 2020 ஓகஸ்ட் 13 ஆம் நாள் எபிக் நிறுவனம் தனது 'போர்ட்நைட்' விளையாட்டிற் கடைகளைத் தவிர்த்து நேரே பணம் பெறும் முறையைப் புகுத்தியது. அன்றே அப்பிளும் கூகுளும் அதனை நீக்கின. அன்றே எபிக் வழக்குத் தொடுத்தது. 2021 செப்டெம்பரில் வந்த தீர்ப்புப் பெரும்பாலும் அப்பிளுக்குச் சார்பாயிருந்தது. எனினும், வேறிடத்திற் பணம் செலுத்தலாம் எனப் பயனாளருக்கு அறிவிப்பதைத் தடுத்தலாகாது என்று நீதிமன்றம் பணித்தது. அக்கட்டளையை அப்பிள் மீறியதாக 2025 ஏப்ரலில் அதே நீதிமன்றம் கண்டது. கூகுளுக்கு எதிரான வழக்கில் 2023 டிசம்பரில் நடுவர் குழு எபிக்குக்குச் சார்பாகத் தீர்த்தது.

அரசுகளும் வாளாவிருக்கவில்லை. 2021 இல் தென்கொரியா கடையின் கட்டணமுறையைக் கட்டாயமாக்குதலைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி 2024 மார்ச் முதல் ஐபோனிற் பிற கடைகளும் இடம்பெறலாயின. 9 பங்கோடு இவ்வரலாற்றைத் தொடங்கிவைத்த யப்பானும் 2024 ஜூனில் இத்தகைய சட்டத்தை நிறைவேற்றியது.

இவையனைத்தும் வாயிலைப் பற்றிய சட்டங்கள். வாயில்கள் பல திறக்கப்படுவதால் ஆக்கியோருக்கு ஊதியமும் பயனாளருக்குத் தெரிவும் பெருகக்கூடும். ஆயினும் மேலே கண்டவாறு, பெரும்பாலோர் அவ்வாயில்களுக்கு அரிதாகவே செல்கின்றனர். நாள்தோறும் எடுத்தாளும் நான்கைந்து செயலிகளுக்குள்ளேயே அவர்தம் நேரமும் தகவலும் செலவாகின்றன. அங்கே நிகழ்வதைச் சட்டம் ஓரளவே காணும். எஞ்சியதைக் காணவேண்டியவர் பயனாளரே. தொலைபேசியில் உள்ள செயலிகள் எத்தனை, அவற்றுள் இம்மாதம் திறந்தவை எத்தனை, திறந்தவற்றுள் தாமே வேண்டித் தெரிந்தவை எத்தனை என எண்ணிப் பார்ப்பார்க்கு இவ்வரலாற்றின் இறுதிப் பகுதி தம் கையிலேயே எழுதப்பட்டிருத்தல் புலனாகும்.