இருப்புப்பாதை எட்டாத ஊரும் மோட்டார் வண்டியும்

பெரம்பலூர் வட்டாரத்தில் மோட்டார் வண்டி பெற்ற முதன்மைக்கு, அவ்வூருக்கு இருப்புப்பாதை வாய்க்காமல் போனதே தலையாய காரணம் ஆகும். விழுப்புரத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்குத் தென்னிந்திய இரயில்வே 1929இல் திறந்த ‘கார்டு லைன்’, அதாவது கும்பகோணம், தஞ்சாவூர் எனச் சுற்றிச் செல்லும் பழைய பாதையைவிடச் சுருக்கமான குறுக்குப்பாதை, விருத்தாசலம், அரியலூர் வழியாக அமைந்தது. அதற்கு மேற்கே ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் இருந்த பெரம்பலூர் விடுபட்டது. அவ்வூருக்கு எஞ்சியது சென்னை–திருச்சிப் பெருவழி. அதன் ஓரத்தில் நிற்கும் ரஞ்சன்குடிக் கோட்டையும், 1751இல் அருகிலுள்ள வாலிகண்டபுரத்தை ஒட்டி ஆங்கிலேயர் தரப்பும் பிரெஞ்சுக்காரர் தரப்பும் மோதிக்கொண்ட போரும் அவ்வழியின் பழைமைக்குச் சான்று.

அப்பெருவழியின் வடமுனையான சென்னையில் மோட்டார்த் தொழில் குதிரைவண்டிப் பட்டறையிலிருந்தே பிறந்தது. 1840இல் தொடங்கப்பெற்று, கோச்சு வண்டிகள் செய்து பெயர்பெற்ற சிம்ப்சன் நிறுவனத்தில் பொறியாளர் சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் நீராவியால் இயங்கும் காரை உருவாக்கினார். கார்ல் பென்ஸ் ஜெர்மனியில் தம் பெட்ரோல் வண்டிக்குக் காப்புரிமை கோரிப் பதினேழு ஆண்டுகளே ஆகியிருந்தன. 1912இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தென்மாவட்டங்களில் பேருந்து ஓட்டத் தொடங்கினார். அக்காலத்தில் எஞ்சினும் சக்கரங்களும் பொருத்திய அடிச்சட்டமான ‘சேசிஸ்’ மட்டும் கப்பலில் வந்திறங்க, அதன்மேல் மரச்சட்டம் அடித்துத் தகடு போர்த்தி ‘பாடி கட்டும்’ வேலையை உள்ளூர்த் தச்சரும் கொல்லரும் செய்தனர். தமிழ்நாட்டு மோட்டார்த் தொழிலின் வரலாற்றில் பெருநிறுவனங்களுக்குத் தரப்படும் இடம் இக்கைவினைஞருக்குத் தரப்படாதது பெருங்குறை.

இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோல் பங்கீட்டுக்கு உட்பட்டதால், பேருந்தையே நம்பியிருந்த ஊர்கள் இடருற்றன. அப்போது கைகொடுத்தது மக்கள் ‘கரி பஸ்’ என்றழைத்த வண்டி. அதன் பின்புறம் பொருத்திய இரும்பு உருளையில் அடுப்புக்கரியை இட்டு மூட்டி, ஊதுகருவியைக் கையால் சுற்றி அனல் ஏற்றுவர். போதிய காற்றின்றி எரியும் கரியிலிருந்து கிளம்பும் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு குளிர்விக்கப்பட்டு, தூசு வடிகட்டப்பட்டு, குழாய் வழியே எஞ்சினை அடையும். இக்கருவியைச் சுந்தரம் ஐயங்காரின் டி.வி.எஸ். நிறுவனமும் செய்து விற்றது. பெட்ரோலைவிட இதில் இழுவை குறைவு. புறப்படுமுன் நெடுநேரம் ஊதவேண்டும். ஆயினும் இருப்புப்பாதையற்ற ஊர்களுக்கு அக்கரி வண்டியின் அருமை பெரிது.

1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், குறித்த வழித்தடத்தில் ஓட்டுவதற்கான அனுமதியாகிய ‘பெர்மிட்’ முறையை வலுப்படுத்தியது. 1970களில் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் எழுந்தன. இதற்கிடையே சென்னையில் 1948இல் அசோக் மோட்டார்ஸ் தோன்றி, 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. உள்நாட்டில் லாரி உற்பத்தி பெருகியதன் விளைவை அரியலூரில் தெளிவாகக் காணலாம். இரயில் வசதி பெற்ற அவ்வூரிலும், சுரங்கத்திலிருந்து ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் செல்வதும் சிமெண்ட் மூட்டைகள் கடைகளுக்குச் செல்வதும் பெரும்பாலும் லாரிகளில்தான்.

பெரம்பலூரோ வண்டிகள் கடந்துசெல்லும் ஊராக இருந்த நிலை மாறி, மோட்டார்த் தொழிலிலேயே பங்கு பெற்றது. நெடுஞ்சாலையை ஒட்டிய நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். நிறுவனம் டயர் ஆலை அமைத்துள்ளது. அரியலூரிலிருந்து பெரம்பலூர், துறையூர் வழியாக நாமக்கல்லுக்கு இருப்புப்பாதை வேண்டும் என்னும் நெடுநாள் கோரிக்கையும் உடன் தொடர்ந்து வந்துள்ளது.