மீன் தொட்டி வெப்பநிலைக் கட்டுப்படுத்தி

மீன் தொட்டி வெப்பநிலைக் கட்டுப்படுத்தி என்பது, வீட்டு மீன் தொட்டியிலுள்ள நீரின் வெப்பநிலையை ஓர் உணரி (சென்சார்) மூலம் அளந்து, அதற்கேற்பச் சூடேற்றியையோ (ஹீட்டர்) குளிர்விக்கும் விசிறியையோ இயக்கி நிறுத்தும் மின்னணுக் கருவியாகும். விளக்கு, நீரேற்றி, பிஎச் அளவு ஆகியவற்றையும் சேர்த்துக் கவனிக்கும் பெரிய கருவிகளும் உள்ளன. இக்கட்டுரை வெப்பநிலைப் பகுதியில் தோன்றும் பழுதுகளையும் அவற்றைக் கண்டறியும் முறையையும் விளக்குகின்றது.

வெப்பமண்டல அழகு மீன்களிற் பெரும்பாலானவை 24 முதல் 28 பாகை செல்சியசு வரையுள்ள நீரில் நலமாக வாழ்கின்றன. கட்டுப்படுத்தி முற்றாகச் செயலிழந்து சூடேற்றி நின்றுவிட்டால், நீர் மெதுவாக அறை வெப்பநிலைக்கு இறங்கும். கவனித்துச் சரிசெய்யப் பெரும்பாலும் நேரம் கிடைக்கும். சூடேற்றி நிற்காமல் இயங்கிக்கொண்டே இருப்பதுதான் மிகுந்த ஆபத்தானது. நீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் ஆக்சிசனின் அளவு குறைகின்றது. காற்றுடன் சமநிலையிலுள்ள நன்னீரில் 25 பாகையில் லிட்டருக்கு ஏறத்தாழ 8.3 மில்லிகிராமும், 30 பாகையில் ஏறத்தாழ 7.6 மில்லிகிராமும் ஆக்சிசன் இருக்கும். மீனின் ஆக்சிசன் தேவையோ வெப்பத்துடன் கூடுகின்றது. ஆகவே ஒரு பழுதை ஆராயும்போது, அது சூடேற்றியை நிறுத்தும் பழுதா, நிறுத்தவிடாத பழுதா என்பதே முதலில் கேட்கவேண்டிய கேள்வி.

அளவீடு பிழையா, நீர் பிழையா?

கருவி காட்டும் எண்ணை அப்படியே நம்பாமல், தனியான கண்ணாடி வெப்பமானி ஒன்றால் நீரை அளந்து பார்த்தல் வேண்டும். எளிய கணக்கொன்றும் இதற்கு உதவும். 1 லிட்டர் நீரை 1 பாகை சூடாக்க ஏறத்தாழ 4.2 கிலோயூல் ஆற்றல் தேவை. எனவே 100 லிட்டர் தொட்டியை 100 வாட் சூடேற்றி 1 பாகை உயர்த்த, வெப்ப இழப்பே இல்லை எனக் கொண்டாலும், ஏறத்தாழ 70 நிமிடங்கள் ஆகும். காட்டப்படும் வெப்பநிலை ஒரு நிமிடத்தில் 3 பாகை தாவினால், தாவியது நீர் அன்று. உணரியோ அதன் கம்பியோதான்.

உணரியின் பழுதுகள்

மின்னணுப் பழுது எனக் கருதப்படுவது சில வேளைகளில் உணரி இருக்கும் இடத்தின் பிழையாக இருக்கும். நீர் ஆவியாகி மட்டம் தாழ்ந்தாலோ, நீர் மாற்றும்போது எடுத்த உணரியை மீண்டும் உள்ளே விட மறந்தாலோ, அது நீரைவிடக் குளிர்ந்த காற்றை அளக்கும். கட்டுப்படுத்தி தன் கடமையைச் சரியாகச் செய்து, நீரைக் கொதிப்பேற்றும்!

பல கருவிகளில் 25 பாகையில் 10 கிலோஓம் தடை காட்டும் தெர்மிசுட்டர் உணரியாகப் பயன்படுகின்றது. வெப்பம் கூடும்போது இதன் தடை குறையும். கம்பி இணைப்பினுள் நீர் புகுந்தால் மின்கசிவினால் தடை குறைந்து, நீர் உண்மையைவிடச் சூடானதாகக் காட்டும், சூடேற்றி நின்றுவிடும். கம்பி அறுந்தாலோ தடை மிகப் பெரிதாகி, நீர் கடுங்குளிரில் இருப்பதாகக் கருவி கொள்ளும், சூடேற்றி நிற்காது. நல்ல கருவிகள் இத்தகைய நம்பமுடியாத அளவைப் பிழையெனக் கொண்டு சூடேற்றியை நிறுத்திவிடும். உணரியைக் கழற்றிப் பனிக்கட்டியும் நீரும் நன்கு கலந்த குவளையில் இட்டால் 0 பாகை காட்டவேண்டும். மல்டிமீட்டரில் அதன் தடை, வகையைப் பொறுத்து, 27 முதல் 34 கிலோஓம் வரை இருக்கும்.

தாமே கருவி அமைப்போர் பெரிதும் பயன்படுத்தும் டிஎஸ்18பி20 என்னும் எண்முறை உணரியில் வேறொரு குறிப்பு கிடைக்கின்றது. மின்சாரம் பெற்றவுடன் அதன் நினைவகத்தில் இருக்கும் தொடக்க மதிப்பு 85 பாகை ஆகும். எனவே திரையில் திடீரெனச் சரியாக 85 தோன்றினால், உணரிக்குச் செல்லும் மின்சாரம் இடையில் அறுந்து மீண்டுள்ளது எனக் கொள்ளலாம். ஆர்டுயினோவில் இவ்வுணரிக்கெனப் பரவலாகப் பயன்படும் நிரல்தொகுதி, உணரி துண்டிக்கப்பட்டால் −127 என்னும் எண்ணைத் தருகின்றது. இதைச் சோதிக்காமல், 25-ஐவிடக் குறைவானால் சூடேற்று என்று மட்டும் எழுதப்பட்ட நிரல், கம்பி கழன்ற அன்றே மீன்களைக் கொன்றுவிடக்கூடும்.

ரிலேயும் மின்வழங்கியும்

ரிலேயின் தொடுமுனைகள் தீப்பொறியினால் உருகி ஒட்டிக்கொள்வதுண்டு. நிறுத்தும் வெப்பநிலையை வேண்டுமென்றே மிகக் குறைத்து வைத்துப் பார்த்தால் இது தெரியும்: திரை நின்றுவிட்டதாகச் சொல்லும், சூடேற்றியின் விளக்கோ எரிந்துகொண்டே இருக்கும். நகரும் பாகமில்லாத திண்மநிலை ரிலேக்களும் பழுதாகும்போது பெரும்பாலும் மூடிய நிலையிலேயே நிற்கின்றன என்பதால், அவற்றுக்கு மாறுவது மட்டும் இதற்குத் தீர்வாகாது. இயக்கும், நிறுத்தும் வெப்பநிலைகளுக்கிடையே 0.1 பாகை இடைவெளி வைத்தால் ரிலே அடிக்கடி தட்டி விரைவில் தேயும்; 0.5 பாகை போதுமானது.

சில நொடிகளுக்கொருமுறை ரிலே தட்டி, கருவி மீண்டும் மீண்டும் புதிதாகத் தொடங்கினால் மின்வழங்கியை ஐயுறவேண்டும். ரிலேயின் சுருள் மின்னோட்டத்தை இழுத்தவுடன் மின்னழுத்தம் சரிந்து நுண்கட்டுப்படுத்தி நின்றுவிடுகின்றது. ரிலே விடுபட்டதும் மீண்டும் எழுகின்றது. உலர்ந்துபோன மின்பகு மின்தேக்கி இதற்கு வழக்கமான காரணம்.

கருவியைத் திறக்கும் முன்னரும், நீருக்குள் கை விடும் முன்னரும் மின்செருகியைப் பிடுங்கவேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவுமின் துண்டிப்பான் வழியாகவே தொட்டிக்கு மின்சாரம் தருதல் நல்லது.

இரட்டைக் காப்பு

சூடேற்றியில் தனியாக உள்ள வெப்பநிலைமாற்றியைக் கட்டுப்படுத்தியின் அளவைவிட 1 அல்லது 2 பாகை கூடுதலாக வைப்பது வழக்கம். இரண்டும் தொடராக அமைவதால், ஒன்று ஒட்டிக்கொண்டாலும் மற்றது நிறுத்திவிடும். மாறாக அதனைக் குறைவாக வைத்துவிட்டால், கட்டுப்படுத்தி இயக்கியும் நீர் குறித்த வெப்பநிலையை ஒருபோதும் எட்டாது. பழுதில்லாத கருவி பழுதெனக் கழற்றப்படுவது இவ்வாறும் நிகழ்கின்றது.