நாணயத்தின் அழுக்கும் அமானிதமும்

தமிழில் நாணயம் என்னும் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். திருக்குர்ஆனிலும் காசும் நேர்மையும் சேர்ந்தே பேசப்படும் இடம் உண்டு. யூசுஃப் நபியைச் சில திர்ஹம்களுக்கு விற்ற செய்தி பன்னிரண்டாம் அத்தியாயத்தில் வருகிறது. நம்பி ஒப்படைத்த பெருஞ்செல்வத்தைத் திருப்பித் தருவோரையும், ஒற்றைத் தீனாரைக்கூடத் திருப்பித் தராதோரையும் ஆலு இம்ரான் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. முன்னோர் விட்டுச்சென்ற பழங்காசும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே. அதைத் தூய்மை செய்வதாக எண்ணி அழித்துவிடாமல் காப்பது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

காரைக்காலின் பழைய குடும்பங்களில் பலநாட்டுக் காசுகள் ஒரே பெட்டியில் கிடப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1739இல் பிரெஞ்சுக்காரர் இவ்வூரைப் பெற்றபோது, அவர்களுக்காகப் படைகொண்டு வந்து இதைக் கைப்பற்றித் தந்தவர் ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலி கானின் மருமகன் சந்தா சாகிபு. அதற்கு மூன்றாண்டு முன்னர், 1736இல், அதே நவாபிடமிருந்து புதுச்சேரியில் ரூபாய் அச்சிடும் உரிமையை ஆளுநர் துய்மா பெற்றிருந்தார். முகலாயப் பேரரசர் முகம்மது ஷாவின் பெயரைப் பாரசீக எழுத்தில் தாங்கி, ஆர்க்காட்டில் அச்சிட்டதாகவே பொறிக்கப்பட்டு வெளிவந்த வெள்ளி ரூபாய்கள் அவை. பூ முத்திரையிட்ட பிரெஞ்சுச் செப்புத் துட்டுகளும், ஊர்ப் பெயரைத் தமிழில் தாங்கிய சிறு காசுகளும் அவற்றோடு புழங்கின. பின்னர் சைகோனுக்குச் சென்று பொருளீட்டியோர் இந்தோசீனப் பியாஸ்தர்களைக் கண்டனர். 1895க்குப் பின் அச்சிடப்பட்ட பியாஸ்தர் 27 கிராம் எடையும் ஆயிரத்தில் தொள்ளாயிரம் பங்கு வெள்ளியும் கொண்டது.

இக்காசுகளில் வரலாற்றாசிரியன் தேடுவது பளபளப்பை அன்று; மிகச் சிறிய குறிகளையே. புதுச்சேரி ரூபாயைப் பிறவற்றிலிருந்து பிரித்தறியத் துணைபுரிவது அதிலுள்ள சிறு பிறைக்குறி. சென்னையில் கும்பினியார் அச்சிட்ட ஆர்க்காட்டு ரூபாயிலோ தாமரைக்குறி இருக்கும். பிறை தேய்ந்துவிட்டால் அந்த ரூபாய் தன் பிறந்த ஊரை இழந்துவிடுகிறது.

இதனினும் கூர்மையான சான்று மதுரை சுல்தான்களின் சிறு காசுகளில் உண்டு. ஜலாலுத்தீன் அஹ்சன் ஷா பதினான்காம் நூற்றாண்டில் நிறுவிய இவ்வரசைப் பற்றி நேரில் கண்டு எழுதியவர் இப்னு பதூதா. சுல்தான் கியாதுத்தீன் தாமகானிக்கு அவர் சகலை முறையினர். அவர் இந்நாட்டைவிட்டுச் சென்ற பிந்தைய ஆண்டுகளுக்குக் காசுகளே முதன்மைச் சான்று. விஜயநகர இளவரசர் குமார கம்பணர் 1371 அளவில் மதுரையை வென்றார் என்பர். ஆனால் அலாவுத்தீன் சிக்கந்தர் ஷாவின் காசுகள் ஹிஜ்ரி 779 வரை, அதாவது 1377-78 வரை, கிடைக்கின்றன. ஓர் அரசின் முடிவாண்டைக் கணிப்பதே செப்பில் பொறித்த சில அரபுச் சொற்களைச் சார்ந்திருக்கிறது. அவற்றைத் தேய்த்து மழுக்குவது, ஏட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழிப்பதற்கு ஒப்பாகும்.

நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரத்தைப் புளியிட்டு விளக்குவது வழக்கம். அதே கைப்பழக்கம் பழங்காசின்மீதும் பாய்கிறது. புளியிலும் எலுமிச்சையிலும் உள்ள அமிலம் செம்பின் மேற்படலத்தைக் கரைத்து, இளஞ்சிவப்பான வெறும் உலோகத்தை வெளிக்காட்டும். சாம்பலும் பற்பசையும் நுண்ணிய கீறல்களை உண்டாக்கி எழுத்தின் விளிம்பைத் தேய்க்கும். கடைகளில் விற்கும் வெள்ளி மெருகு நீர்மமும் கருமையோடு சேர்த்து வெள்ளியின் மேற்பரப்பிலும் சிறிதளவைக் கொண்டுபோகும். எடையும் குறையும். ஹிஜ்ரி 77இல் கலீஃபா அப்துல் மலிக் சீர்திருத்திய தீனாரின் எடை சுமார் 4.25 கிராம். ஜகாத் கணக்கில் இன்றும் எடுத்துக்கொள்ளப்படும் அந்த அளவை நமக்கு உறுதிப்படுத்துபவை எஞ்சியுள்ள காசுகளின் எடைகளே. எடையும் ஒரு சாட்சி என்பதை இதனால் உணரலாம்.

ஆகவே முதலில் செய்யவேண்டியது, காசின்மேல் இருப்பவற்றை இருவகையாகப் பிரித்தறிதல். உலோகம் தானே காலப்போக்கில் உண்டாக்கிக்கொண்ட படலம் ஒன்று. செம்பின் பழுப்பும், பச்சைக் களிம்பும், வெள்ளியின் கருமையும் இவ்வகையின. பொறிப்பின் உண்மையான மேற்பரப்பு பெரும்பாலும் இப்படலத்துக்குள்ளேயே பாதுகாக்கப்பட்டிருக்கும். மற்றது வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு. கை வியர்வையின் எண்ணெய், மெழுகு, சாம்பிராணிப் புகையின் கரி, ஒட்டுநாடாப் பசை, வார்னிஷ் ஆகியன. மென்மையான பி.வி.சி. உறைகளிலிருந்து கசிந்து பச்சைப் பிசினாக ஒட்டுவதும் இவ்வகையைச் சேர்ந்ததே. முன்னது வரலாறு, பின்னது அழுக்கு.

கரைப்பான்களின் பயன் இங்கேதான் விளங்குகிறது. அசிட்டோன் எண்ணெயையும் பசையையும் பிசினையும் கரைக்கும். பொன், வெள்ளி, செம்பு ஆகிய உலோகங்களையோ அவற்றின் இயல்பான படலத்தையோ அமிலம் போல் அரிப்பதில்லை. ஆயினும் தூய அசிட்டோனே வேண்டும். நகப்பூச்சு அகற்றி என்ற பெயரில் விற்கப்படுவதில் மணமும் நிறமும் எண்ணெயும் கலந்திருக்கும். அசிட்டோனுக்கு அசையாத சிலவகை மெழுகுக்குச் சைலீன் பயன்படுமாயினும், அதன் ஆவி கூடுதல் தீங்கானது, வீட்டுக்கு உகந்ததன்று.

கரைப்பானைத் தொடுமுன் காசை எடைபோட்டு, இருபுறமும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு காய்ச்சி வடித்த நீரில் சிறிது நேரம் இட்டு, தூசியும் உப்பும் நீங்கியபின் முற்றிலும் உலர்த்த வேண்டும். மூடியுள்ள கண்ணாடிக் கிண்ணத்தில் அசிட்டோனை ஊற்றிச் சில நிமிடங்கள் காசை இடலாம். சிலவகை நெகிழிகள் அதில் கரைந்துவிடுமாதலால் நெகிழிக் கிண்ணம் ஆகாது. தேய்த்தல் கூடாது; பஞ்சை உருட்டி ஒற்றினால் போதும். கரைந்த அழுக்கு மீண்டும் படியாதிருக்க, புதிய அசிட்டோனில் ஒருமுறை அலசி எடுத்தால் தானே உலர்ந்துவிடும். செம்பை நெடுநேரம் ஊறவிடுதல் வேண்டாம். அசிட்டோன் எளிதில் தீப்பற்றுவது. அதன் ஆவி தொலைவிலுள்ள சுடரையும் எட்டும். அடுப்போ விளக்கோ ஊதுவத்தியோ இல்லாத, காற்றோட்டமுள்ள இடத்தில், குழந்தைகள் அணுகாதவாறு, கையுறை அணிந்து செய்ய வேண்டும். மீந்ததைச் சாக்கடையில் ஊற்றலாகாது.

கரைப்பானால் ஆகாதவையும் உண்டு. கடற்காற்று வீசும் காரைக்கால் போன்ற ஊர்களில் செப்புக் காசின் பெரும்பகை குளோரைடு உப்பு. டிசம்பர் 2004 ஆழிப்பேரலையின்போது இக்கரையின் குடியிருப்புகளுக்குள்ளேயே கடல்நீர் புகுந்தது. உப்பு உட்புகுந்த செம்பில் வெளிர்பச்சைத் தூள் புள்ளிபுள்ளியாகப் பூக்கும். ஈரம் கிடைக்குந்தோறும் அந்த அரிப்பு உள்நோக்கிப் பரவும். அசிட்டோன் இதனை ஆற்றாது. அத்தகைய காசைத் தனியே பிரித்து, ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடிவைத்து, வல்லுநரிடம் ஒப்படைப்பதே முறை. மண்ணிலிருந்து எடுத்த காசுகளுக்கும் இதுவே பொருந்தும்.

அவ்வாறான வல்லமை நம் நாட்டுக்குப் புதிதன்று. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930லேயே வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கப்பட்டு, எஸ். பரமசிவன் அதில் பணியாற்றினார். அக்காலத்தில் மின்பகுப்பு முறையால் செப்புத்திருமேனிகளின் களிம்பு அகற்றப்பட்டது. படலத்தையெல்லாம் களைந்து வெறும் உலோகத்தைக் காண்பதே தூய்மை என உலகின் ஆய்வகங்கள் பலவும் ஒருகாலத்தில் கருதின. படலத்துக்குள் பொறிப்பு வாழ்வதை அறிந்தபின், இயன்றவரை குறைவாகவே தொடுதல் என்னும் நெறிக்கு அவை வந்து சேர்ந்தன.

புதையலாகக் கிடைத்தவற்றைப் பற்றிச் சட்டமும் பேசுகிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்குமாறு 1878ஆம் ஆண்டுச் சட்டம் பணிக்கிறது. நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் அயல்நாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

பழங்காசு வைத்திருப்போர்க்கு நாம் கூறுவது இதுவே. காசை விளிம்பில் பிடியுங்கள். பி.வி.சி. உறையை இன்றே மாற்றுங்கள். எண்ணெயும் பசையுமாயின் கரைப்பானால் நீக்குங்கள். ஐயம் எழுமாயின் அப்படியே விட்டுவிடுங்கள். அழுக்கோடு இருக்கும் காசை நாளை ஒருவர் தூய்மை செய்ய இயலும். தேய்ந்துபோன பிறையையும் ஹிஜ்ரி ஆண்டையும் மீட்டுத் தர எவராலும் இயலாது.