தவிடும் ஞாபகமும்

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். எழுபது வயதைத் தாண்டியவர். சில மாதங்களாக, என்னைக் கண்டபோதெல்லாம், "மூளைக்கு இளமை திரும்ப ஏதாவது மருந்து உண்டா, ஸார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கதை எழுதுகிறவனிடம் வைத்தியம் கேட்கலாமா? ஆனால் இதைப்பற்றி எனக்குத் தெரிந்த உண்மைக் கதை ஒன்று உண்டு. அதைச் சொன்னேன்.

ஜாவாவின் பத்தேவியா நகரம், இன்றைய ஜகார்த்தா. 1880-களின் கடைசியில் ஐக்மன் என்ற டச்சு டாக்டர் அங்கே பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய கோழிகள் திடீரென்று கால் விளங்காமல் தள்ளாடின. பிறகு திடீரென்று குணமாயின. விசாரித்ததில், ஆஸ்பத்திரியில் மீந்த தீட்டிய அரிசிச் சோற்றைத் தின்றபோது நோய் வந்தது என்று தெரிந்தது. புதிதாக வந்த சமையற்காரர், "ராணுவச் சோறு கோழிகளுக்கா?" என்று நிறுத்திவிட்டார். கோழிகள் பிழைத்தன! அரிசியில் விஷம் இருக்கிறது என்றுதான் ஐக்மன் முதலில் நினைத்தார். விஷம் இருப்பதல்ல, தவிட்டோடு ஒரு சத்து போய்விடுவதே காரணம் என்று 1901-ல் சொன்னவர், அவருக்குப் பின் வந்த க்ரைன்ஸ். அந்தச் சத்துதான் தயமின் என்ற பி1 வைட்டமின். ஐக்மனுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் மூளை எங்கே வந்தது? நம் உடம்பின் எடையில் மூளை நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் பிராணவாயுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அதுவே செலவிடுகிறது. சர்க்கரையை எரித்துத்தான் அது வேலை செய்கிறது. அந்த அடுப்பு எரிவதற்குத் தயமின் வேண்டும். 1930-களில் ஆக்ஸ்போர்டில் பீட்டர்ஸ் என்ற விஞ்ஞானி, தீட்டிய அரிசி தின்று கழுத்து பின்னால் வளைந்து கிடந்த புறாக்களுக்குத் தயமின் கொடுத்தார். சிறிது நேரத்தில் அவை எழுந்து நின்றன. மூளையின் ஜீவ அணுக்கள் சாகவில்லை; பசியால் ஒடுங்கிக் கிடந்தன.

மனிதரிடம் இது தெளிவானது ஒரு துயரமான இடத்தில். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. கைதிகளான பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குத் தீட்டிய அரிசியே பிரதான உணவு. சில வாரங்களில் சிலருக்குக் கண்விழிகள் ஆடின, வாந்தி வந்தது, நினைவு தடுமாறியது. வெர்னிக்கே 1881-ல் வர்ணித்த மூளை நோய் அது. அதைக் குடிகாரர்களின் நோய் என்றே பலர் நினைத்திருந்தார்கள். சிறைமுகாமில் குடிக்க ஏது மது? அங்கே கைதிகளாயிருந்த டி வார்டனர், லெனாக்ஸ் என்ற இரு டாக்டர்கள், கையிலிருந்த சொற்பத் தயமினைக் கொடுத்துப் பலரைத் தெளியவைத்தார்கள். எல்லாரையும் காப்பாற்ற முடியவில்லை. தங்கள் குறிப்புகளை ஒரு தகரப்பெட்டியில் அடைத்து, ஒரு கல்லறையில் புதைத்து வைத்தார்கள். போர் முடிந்தபின் அது தோண்டி எடுக்கப்பட்டு, 52 நோயாளிகளின் வரலாறாக 1947-ல் வெளிவந்தது.

நம் பாட்டிமார் இந்த வைட்டமினின் பெயரைக் கேட்டதில்லை. ஆனால் நெல்லை அவித்துப் புழுங்கலரிசி ஆக்கும்போது, தவிட்டின் சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. அவர்களுடைய கைப்பழக்கம் எத்தனை பேரைக் காத்ததோ!

கதை முடிந்தது. "அப்படியானால் அந்த மாத்திரையைத் தின்றால் இளமை வருமா?" என்றார் பெரியவர்.

"வராது. பட்டினி கிடக்கும் அணுவைத்தான் சத்து எழுப்பும். செத்த அணுவை எழுப்பாது. நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள்?"

அவர் தயங்கினார். மனைவி போன பிறகு பகலில் ஒரு பிடி ரசஞ்சாதம்; இரவில் வெறும் காபி.

மறுநாள் அவரை டாக்டரிடம் அழைத்துப் போனேன். முதியவர்களின் மறதிக்குச் சில சமயம் பி12 என்ற வேறொரு வைட்டமின் குறைவும் காரணமாகலாம், ரத்தத்தைச் சோதித்தால் தெரியும் என்றார் அவர். மூப்பு என்று நாம் பெயர் வைத்து ஒதுக்கிவிடுவதில் எவ்வளவு மூப்பு, எவ்வளவு பட்டினி? யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தானே தெரியும்!