கட்டிலும் காவலும்: திருமுக்கூடல் ஆதுலர் சாலையை மனநோய் விடுதியாக வாசிப்பது குறித்து

இந்திய மனநல மருத்துவத்தின் வரலாற்றைச் சுருக்கிச் சொல்லும் கட்டுரைகளில் ஒரு செய்தி கைமாறி கைமாறி வருகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடலில் உள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் சோழர் காலக் கல்வெட்டு ஒன்று உண்டு, அது ஒரு பள்ளியையும் 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையையும் குறிப்பிடுகிறது என்பதே அது. செய்தியில் பிழை இல்லை. அது எந்த இடத்தில் வைக்கப்படுகிறது என்பதில்தான் சிக்கல். அதற்கு அடுத்த வரியிலேயே 15ஆம் நூற்றாண்டு மாண்டு நகரத்து மருத்துவமனை வரும், பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிக்காலப் பைத்தியக்காரர் விடுதிகள் வரும். இப்படி வரிசைப்படுத்தும்போதே, மனம் கலங்கியோரைத் தனியே வைத்துப் பார்க்கும் இடங்களின் மூதாதை திருமுக்கூடல் என்ற கருத்து வாசகர் மனத்தில் பதிந்துவிடுகிறது. இதை ‘விடுதி வாசிப்பு’ என்று அழைக்கிறேன். கல்வெட்டு இதற்கு இடம் தரவில்லை என்பதும், அது தருகிற சான்று வேறு வகையில் இன்னும் மதிப்புள்ளது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில், பழையசீவரத்துக்கு எதிர்க்கரையில், உத்திரமேரூர் வட்டாரத்தில் இருக்கிறது திருமுக்கூடல். கல்வெட்டு 1915ஆம் ஆண்டுத் தொகுப்பில் 182ஆம் எண் பெற்றது. கே.வி. சுப்பிரமணிய ஐயர் அதை எபிகிராபியா இண்டிகாவின் 21ஆம் தொகுதியில் பதிப்பித்தார். சோழ மன்னன் வீரராசேந்திரனின் 5ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அவனது ஆட்சித் தொடக்கத்தை 1062 என்று கொண்டால் ஓர் ஆண்டும், 1063 என்று கொண்டால் மற்றோர் ஆண்டும் கிடைக்கும். 1067, 1068 இரண்டுமே ஏற்கத்தக்கவை. 1069 என்று எழுதுவோரும் உண்டு. என் வாதத்துக்கு இந்த வேறுபாடு தடையில்லை, ஆகவே அதைத் தீர்க்க முயலவில்லை.

விடுதி வாசிப்பு முதலில் தடுக்கி விழுவது பெயரில். சுருக்கக் கட்டுரைகள் மருத்துவமனைக்கு ஈசுவரன் பெயரைச் சேர்த்து எழுதுகின்றன. கல்வெட்டில் அது ‘வீரசோழன்’ என்ற பெயர் பெற்ற ஆதுலர் சாலை, அதாவது நோயாளர் சாலை, மட்டுமே. சிறிய பிழைதான். ஆனாலும், எழுதியவர்கள் கல்வெட்டு வாசகத்தைப் பாராமல் ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுத்தெழுதியிருக்கிறார்கள் என்ற ஐயத்தை அது எழுப்புகிறது. இரண்டாவது, இடம். ஆதுலர் சாலை தனிக் கட்டடம் அன்று. சனநாத மண்டபத்தில் வேதமும் இலக்கணமும் கற்ற மாணவர்களும், உண்டு உறைந்த அவர்களது விடுதியும், நோயாளிகளும் ஒரே அறக்கட்டளையின் கீழ் இருந்தார்கள். மாணவர்களுக்குப் படுக்கப் பாயும், சனிக்கிழமைதோறும் தலைக்குத் தேய்க்க எண்ணெயும், இரவில் விளக்கும் ஒதுக்கிய அதே சாசனம்தான் நோயுற்றுக் கிடப்போர் பதினைந்து பேருக்கு நாளொன்றுக்குத் தலைக்கு நாழி அரிசியும் ஒதுக்குகிறது. ஊரிலிருந்து ஒதுக்கப்பட்டவர்களுக்கான ஏற்பாடாக இதில் எதுவும் தெரியவில்லை. மூன்றாவது, மருந்துகள். ஓர் ஆண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய ஏறத்தாழ இருபது மருந்துகளில் பெரும்பாலானவை மனநோய்க்கு உரியவை அல்ல. வாசா அரீதகி இருமலுக்கு. பல்லாதக அரீதகி மூலத்துக்கு. மண்டூர வடகம் சோகைக்கு. சுனேத்திரி என்ற பெயரே கண்ணைச் சுட்டுகிறது. பித்துப் பிடித்தோரை அடைத்து வைக்கும் இடத்துக்கு இத்தகைய சரக்கு எதற்கு?

ஆகவே அது பொது மருத்துவமனை. இதே குடும்பத்தில்தான் குந்தவைப் பிராட்டி நிலம் அளித்த தஞ்சைச் சுந்தரசோழ விண்ணகர் ஆதுலர் சாலையும் சேரும். இங்கே வாதத்தை முடித்துக்கொண்டால், மனநல மருத்துவ வரலாற்றிலிருந்து திருமுக்கூடலை நீக்கிவிடலாம். அப்படி நீக்குவதும் தவறு என்றே கருதுகிறேன். காரணம் அதே மருந்துப் பட்டியலில் இருக்கிறது.

பட்டியலில் புராண சர்ப்பி வருகிறது. ஆண்டுக்கணக்கில் வைத்துப் பழக்கிய பசுநெய் அது. சரக சங்கிதை உன்மாதம் என்னும் மனநோய்க்கான சிகிச்சையில் இந்நெய்யைத் தனித்துப் புகழ்கிறது. பத்தாண்டு பழகியது, கடும் வாடை உடையது, அரக்குச் சாற்றின் நிறம் கொண்டது என்று அடையாளமும் சொல்கிறது. இதைக் கடையில் வாங்கி அன்றே ஊட்ட முடியாது. யாரோ ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன்பே நெய்யைக் குடத்தில் இட்டு மூடி வைத்திருக்க வேண்டும். அதாவது, இன்னும் வராத ஒரு நோயாளிக்காக ஒரு நிறுவனம் காத்திருக்கிறது. காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் வேறு மருந்துகள் கைவசம் இருக்கையில், இந்த நெய்க்கு இத்தனை பொறுமையோடு இடம் கொடுத்ததை வெறும் மரபுப் பட்டியலின் ஒரு வரியாகக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து எண்ணெய்கள். சிற்றாமுட்டியும் ஆமணக்கும் சேர்ந்த பலாகேரண்ட தைலம், பூண்டும் ஆமணக்கும் சேர்ந்த தைலம் ஆகியவை வாத நோய்களுக்கானவை. வாதம் என்றவுடன் இன்று மூட்டுவலியும் பக்கவாதமும் நினைவுக்கு வருகின்றன. சரகரின் எண்பது வாத விகாரங்களில் நடுக்கம், உறக்கமின்மை, மனச்சோர்வு, நிலைகொள்ளாத சித்தம் ஆகியவையும் அடக்கம். அச்சத்தாலும் துயரத்தாலும் உடல் ஓயாமல் பதறி, கண் மூட முடியாமல் கிடப்பவரைப் பார்த்த அக்கால வைத்தியர் பெரும்பாலும் எண்ணெயைத்தான் எடுத்திருப்பார். நரம்பு மண்டலம் ஆபத்து நீங்கிய பின்னும் ஆபத்தில் இருப்பதாகவே இயங்குகிறது என்று இன்றைய மருத்துவம் விளக்கும் நிலையை, அன்றைய மருத்துவம் உடலில் கண்டு உடல்வழியே தணிக்க முயன்றது.

எதிர்ச்சான்றுகளையும் சொல்ல வேண்டும். பட்டியலில் கல்யாண லவணம் உண்டு. உன்மாதத்துக்குப் பெயர்பெற்றது கல்யாணக கிருதம் என்னும் நெய். கல்வெட்டில் இருப்பது உப்பு, சுசுருதர் வாத நோய்க்குச் சொல்வது. பெயர் ஒத்திருப்பதால் இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. பட்டியலின் தொடக்கத்தில் வரும் பிராம்மியம் கடும்பூரி இன்னும் கடினமானது. அது பிராமி சேர்ந்த மருந்தானால் நினைவுக்கும் மனத்தெளிவுக்கும் உரியது, என் வாதத்துக்கு மிகுந்த வலு சேர்க்கும். பிராம்ம ரசாயனத்தின் ஒரு வடிவமானால் பொதுவான உடல்தேற்றி மட்டுமே. ‘கடும்பூரி’ என்ற பின்னொட்டு எந்தப் பக்கமும் சாய இடம் தரவில்லை. இதைச் சான்றாகக் கொள்ளாமல் விடுகிறேன்.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சரகர் உன்மாதத்துக்கு ஆறுதலை மட்டும் சொல்லவில்லை. இழந்த பொருளை ஒத்ததைக் கொடு, இதமாகப் பேசு என்பவர், கட்டிவை, அச்சுறுத்து, பல்பிடுங்கிய பாம்பைக் காட்டு என்றும் சொல்கிறார். நெய்யை எடுத்துக்கொண்ட திருமுக்கூடல் கயிற்றையும் எடுத்துக்கொண்டிருக்கலாம் அல்லவா? இதற்குப் பணியாளர் பட்டியலைத்தான் விடையாக வைக்க முடியும். ஆலப்பாக்கத்துச் சவர்ணன் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்ற மருத்துவர், ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் பெற்றவர். அறுவை செய்பவர் ஒருவர், 30 கலம். மூலிகையும் விறகும் கொண்டுவர இருவர். மருந்து அடும் பெண்டிர் இருவர். நாவிதர், தண்ணீர் கொண்டுவருபவர். பட்டியல் இவ்வளவே. காவலாள் இல்லை, கட்டுபவர் இல்லை. விளக்கெண்ணெய் வரை கணக்கெழுதிய சாசனத்தில் இது விட்டுப்போயிருக்கும் என்று நம்புவது கடினம். இது மௌனத்திலிருந்து கிளம்பும் வாதம் என்பதை அறிவேன். அதன் எல்லைக்குள், நோயாளியை அடக்குவது இந்தச் சாலையின் வேலையாக எண்ணப்படவில்லை என்று உறுதியாகவே சொல்வேன்.

விடுதி வாசிப்பை எதிர்ப்பது வெறும் ஏட்டுத் தகராறு அன்று. அடைத்து வைக்கும் மரபுக்கு இம்மண்ணில் வேறொரு தொடக்கம் இருக்கிறது. 1794இல் சென்னையில் வாலண்டைன் கொனொலி என்ற அறுவை மருத்துவர் தொடங்கிய விடுதி, 1871இல் கீழ்ப்பாக்கத்தில் நிலைபெற்றது. காவலும் மதிலும் மருத்துவத்தோடு ஒன்றியது அந்த வழியில்தான். இதன் கோரமான எல்லையை 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கண்டோம். தீப்பிடித்த கொட்டகையில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டார்கள். சங்கிலியிடுவதை எந்த வடிவிலும் தடைசெய்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல்தான் வந்தது. திருமுக்கூடலை இந்த வரிசையின் தலையில் வைத்தால், அடைப்பதற்கு ஆயிரமாண்டுத் தொன்மையை நாமே எழுதிக் கொடுத்தவர்கள் ஆகிறோம்.

அதன் உண்மையான தொடர்ச்சியை வேறிடத்தில் தேட வேண்டும். போர், சித்திரவதை, பேரிழப்பு ஆகியவற்றுக்குப் பின் வரும் நோயை அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு 1980இல்தான் தனிப்பெயரிட்டு ஏற்றது. யாழ்ப்பாணத்தில் போர் நடுவே பணிசெய்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், அதிர்ச்சிக்கு ஆளானோருக்கு மூச்சுப் பயிற்சி, செபம், தளர்வுப் பயிற்சி, எண்ணெய் தேய்த்தல் ஆகிய பழக்கமான முறைகளைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார். பேச முடியாதவரின் உடலை முதலில் அமைதிப்படுத்து, பேச்சு பிறகு வரட்டும் என்ற அணுகுமுறை அது. திருமுக்கூடலுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நேர்க்கோடு வரைய என்னிடம் ஆவணம் இல்லை. ஒரே மருத்துவ மரபிலிருந்து இரண்டும் நெய்யையும் எண்ணெயையும் எடுத்துக்கொண்டன என்பதற்கு மேல் போக மாட்டேன்.

தீராதவை சில உண்டு. அந்த 15 கட்டில்களில் மனம் கலங்கிய ஒருவராவது படுத்திருந்தார் என்று கல்வெட்டு சொல்லவில்லை. நெய் மூடி வைக்கப்பட்டது என்பதிலிருந்து அது பயன்பட்டது என்று ஆகிவிடாது. ஆனாலும் மருந்துப் பட்டியலும் பணியாளர் பட்டியலும் சேர்ந்து ஒன்றைக் காட்டுகின்றன. உன்மாதத்துக்கும் வாதப் பதற்றத்துக்கும் உரிய மருந்து, இருமலுக்கும் மூலத்துக்கும் உரிய மருந்தோடு ஒரே கூரையின் கீழ், காவலாள் இல்லாமல், ஆண்டு முழுவதும் இருப்பில் இருந்தது. மனநல மருத்துவ வரலாறு எழுதுவோர் திருமுக்கூடலை விட்டுவிட வேண்டாம். விடுதிகளின் பட்டியலிலிருந்து எடுத்து, மனநோயைப் பொது மருத்துவமனையிலேயே பார்க்க வேண்டும் என்ற கொள்கையின் முன்வரலாற்றில் வைக்கட்டும். உத்திரமேரூர் வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் உறக்கமிழந்து பதறி வருபவருக்குச் சிகிச்சை கிடைக்க வேண்டும் என்று வாதாடுவோருக்கு, அவர்கள் மண்ணிலேயே இருக்கும் மிகப் பழைய சான்று இதுவே.